புது வெர்ஷன் வந்துவிட்டதா? சம்பளமில்லாத சோதனையாளர் ஆகாமல் சாலிட்வொர்க்ஸை ஏற்றும் முறை

ஆண்டுச் சந்தாவையும் கட்டிவிட்டு, சாலிட்வொர்க்ஸ் என்ற முப்பரிமாண டிசைன் மென்பொருளில் உள்ள பிழைகளையும் நாமே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற கோபம் டிசைன் அலுவலகங்களில் நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்த வேலை பெரும்பாலும் பேட்டா (வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) காலத்தில் நம் தலையில் விழுவதில்லை. பேட்டாவில் சேர்வது அவரவர் விருப்பம். வெளியீடு என்ற பெயரோடு முதலில் வரும் எஸ்பி0-வை (எஸ்பி என்பது சர்வீஸ் பேக், அதாவது திருத்தத் தொகுப்பு) வந்த வாரமே எல்லாக் கணினிகளிலும் ஏற்றி, ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டரை அதில் திறக்கிறோமே, அங்கேதான் சிக்கிக்கொள்கிறோம்.

சாலிட்வொர்க்ஸின் ஆண்டுச் சுழற்சி ஏறக்குறைய மாறாதது. ஆண்டின் நடுவில் பேட்டா, ஆண்டு இறுதியை ஒட்டி எஸ்பி0, அதன்பின் அடுத்த ஆண்டு முழுக்க எஸ்பி1 முதல் எஸ்பி5 வரை. உற்பத்திக்குப் போகும் வேலைக்கு எஸ்பி2 அல்லது எஸ்பி3 வரை பொறுங்கள். அதுவரை முந்தைய ஆண்டின் எஸ்பி5-லேயே இருங்கள். இப்படிப் பொறுப்பதற்குப் பயம் காரணமல்ல, ஃபைல்தான் காரணம். 2025 வெர்ஷனில் சேமித்த பார்ட்டை (ஒரு பாகத்தின் ஃபைல்) 2024 வெர்ஷனில் திறந்து வேலை செய்ய முடியாது. 2024 வெர்ஷனிலிருந்து, இரண்டு ஆண்டு பின்னுக்குச் சேமிக்கும் வசதி வந்திருக்கிறது. சந்தா உயிரோடு இருந்தால்தான் அதுவும் கிடைக்கும். ஆயிரம் பார்ட் உள்ள அசெம்பிளியைப் புது வெர்ஷனுக்கு மாற்றிவிட்டு, அந்த வசதியை நம்பித் திரும்பி வரலாம் என்று திட்டமிடாதீர்கள்.

தனிக் கணினி, தனி ஃபோல்டர்

வெவ்வேறு ஆண்டு வெர்ஷன்கள் ஒரே கணினியில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். ஒரே ஆண்டின் இரண்டு சர்வீஸ் பேக்குகள் அப்படி இருக்க முடியாது, புதியது பழையதை மாற்றிவிடும். அதனால் இப்போது ஓடும் சர்வீஸ் பேக்கின் முழு இன்ஸ்டால் கோப்புகளையும் முன்கூட்டியே பதிவிறக்கி சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும் நாளில் தேடினால் நேரம் போகும்.

இன்ஸ்டால் செய்யும்போது கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது, பழைய வெர்ஷனை அப்கிரேட் செய்யாமல் புதிதாக நிறுவும் தேர்வு. அதைவிட முக்கியம் டூல்பாக்ஸ், அதாவது போல்ட், நட்டு போன்ற நிலையான பாகங்களின் நூலகம். புது வெர்ஷனுக்கு டூல்பாக்ஸ் ஃபோல்டரைத் தனியாகக் கொடுங்கள். சர்வரில் எல்லோரும் பயன்படுத்தும் டூல்பாக்ஸைக் காட்டிவிட்டால், இன்ஸ்டாலர் அந்த டேட்டாபேஸையே புது வெர்ஷனுக்கு உயர்த்திவிடும். பிறகு பழைய வெர்ஷனில் இருக்கும் மற்றவர்களுக்கு போல்ட், நட்டு எதுவும் ஒழுங்காக வராது. ஒரு கணினியில் செய்த சோதனை அலுவலகத்தையே நிறுத்துவது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

சோதனை செய்பவரின் விண்டோஸ் கணக்குக்கு நடப்பு வேலைகள் இருக்கும் ஃபோல்டரில் படிக்கும் உரிமை மட்டும் போதும். எழுதும் உரிமை இருந்தால், என்றாவது ஒருநாள் கை பழக்கத்தில் கன்ட்ரோல் எஸ் அழுத்தி, அசல் ஃபைல் புது வெர்ஷனுக்குப் போய்விடும்.

எதைச் சோதிப்பது

முடிந்துபோன வேலைகளில் பத்தைத் தேர்ந்தெடுங்கள்: உங்களிடம் உள்ள மிகப் பெரிய அசெம்பிளி, மிகச் சிக்கலான சர்ஃபேஸ் பார்ட், ஒரு ஷீட் மெட்டல், ஒரு வெல்ட்மென்ட், பல கான்ஃபிகரேஷன் உள்ள பார்ட், இறக்குமதி செய்த ஸ்டெப் ஃபைல், பத்து ஷீட்டுக்கு மேல் உள்ள டிராயிங் ஆகியவை அதில் இருக்க வேண்டும். தொடர்புடைய ஃபைல்களைச் சேர்த்து நகலெடுக்கும் பேக் அண்ட் கோ வசதி மூலம் டிராயிங்குகளோடும் டூல்பாக்ஸ் பார்ட்டுகளோடும் சேர்த்துத் தனி ஃபோல்டருக்கு நகலெடுங்கள்.

முதலில் பழைய வெர்ஷனில் திறந்து குறித்துக்கொள்ளுங்கள்: திறக்க எத்தனை விநாடி, கன்ட்ரோல் க்யூ அழுத்தினால் முழு ரீபில்டுக்கு (மாடலை முதலிலிருந்து மறுபடி கணக்கிடுவது) எத்தனை விநாடி, எடை, கனஅளவு, பரப்பளவு, ஈர்ப்பு மையம், ஏற்கனவே உள்ள எச்சரிக்கைகளின் எண்ணிக்கை. பிறகு அதே கணினியில் புது வெர்ஷனில் அதையே செய்யுங்கள். ரீபில்ட் செய்யும்போது பர்ஃபார்மன்ஸ் ஆப்ஷனில் உள்ள 'வெரிஃபிகேஷன் ஆன் ரீபில்ட்' இரண்டு வெர்ஷனிலும் ஒரே நிலையில் இருக்க வேண்டும். ஒன்றில் போட்டு மற்றொன்றில் போடாமல் விட்டால் நேரக் கணக்குக்கு அர்த்தமில்லை.

டிராயிங்கில் கண்ணால்தான் பார்க்க வேண்டும். பிடிப்பு இழந்த அளவுகள் நிறம் மாறி நிற்கும், பலூனில் எண்ணுக்குப் பதில் கேள்விக்குறி வரும், ஹோல் டேபிளில் வரிசை மாறும், டைட்டில் பிளாக்கில் கஸ்டம் பிராப்பர்ட்டி காலியாகும். பழைய பிடிஎஃப்பையும் புது பிடிஎஃப்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைவிட நல்ல வழி கிடையாது.

ஷீட் மெட்டலுக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். திரையில் சரியாகத் தெரிந்து, லேசரில் வெட்டி வளைத்த பிறகுதான் தப்பு வெளியே வரும். விரித்த நீளத்தை 0.01 மி.மீ. வரை ஒப்பிடுங்கள். 2 மி.மீ. தகடு, உள் ரேடியஸ் 2 மி.மீ., 90 டிகிரி வளைவு, கே ஃபேக்டர் (வளைக்கும்போது நீளம் மாறாத அடுக்கு தகட்டின் தடிமனில் எங்கே இருக்கிறது என்ற விகிதம்) 0.44 என்றால் ஒரு வளைவுக்கு 4.52 மி.மீ. நீளம் எடுக்கும். கே 0.5 ஆகிவிட்டால் அது 4.71. ஆறு வளைவு உள்ள பெட்டியில் 1.1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம், மூடி உட்காராது. இதில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: பழைய பார்ட்டிலேயே எண் மாறினால் அது பிழை. புதிதாகத் தொடங்கிய பார்ட்டில் மட்டும் 0.5 வந்தால், கேஜ் டேபிள் (தகட்டின் தடிமன், வளைவு மதிப்புகளின் அட்டவணை) இருக்கும் ஃபோல்டரைப் புது வெர்ஷனின் ஃபைல் லொகேஷனில் நீங்கள் இன்னும் காட்டவில்லை என்று அர்த்தம். வெட்டும் இயந்திரத்துக்கான டிஎக்ஸ்எஃப் ஃபைல் எடுத்து, வெளிக்கோடு மூடியிருக்கிறதா, வளைவுக் கோடு தனி லேயரில் இருக்கிறதா என்பதையும் உங்கள் கட்டிங் மென்பொருளில் திறந்து பார்த்துவிடுங்கள்.

மேக்ரோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) வைத்திருப்பவர்கள் விபிஏ எடிட்டரில் டூல்ஸ், ரெஃபரன்ஸஸ் பட்டியலைத் திறந்து 'மிஸ்ஸிங்' என்று ஏதாவது நிற்கிறதா பாருங்கள். ஆண்டு எண்ணோடு கூடிய பழைய டைப் லைப்ரரியை நீக்கிப் புதியதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் ஓடிவிடும். கேம் (CAM, இயந்திரத்துக்கான வெட்டும் நிரலை உருவாக்கும்) ஆட்-இன் வாங்கியிருந்தால், அதன் தயாரிப்பாளர் இந்த வெர்ஷனை ஆதரிக்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கிராஷ் ஆனால் யார் மேல் தப்பு?

புகார் எழுதும் முன் மூன்று சோதனை செய்துவிடுங்கள், இல்லையென்றால் ரீசெல்லர் (உங்களுக்கு மென்பொருளை விற்று உதவியும் தரும் நிறுவனம்) அதையே செய்யச் சொல்லித் திருப்பி அனுப்புவார். சாலிட்வொர்க்ஸோடு வரும் கோளாறு கண்டறியும் கருவியான சாலிட்வொர்க்ஸ் ஆர்எக்ஸைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டைப் பயன்படுத்தாத சாஃப்ட்வேர் ஓபன்ஜிஎல் முறையில் தொடங்குங்கள். பிழை மறைந்தால் கிராபிக்ஸ் டிரைவர்தான் சந்தேகத்துக்குரியது, சான்றளிக்கப்பட்ட டிரைவரை ஏற்றுங்கள். அடுத்து, அதே ஆர்எக்ஸில் டூல்ஸ் ஆப்ஷன்ஸ் அமைப்புகளைத் தவிர்த்துத் தொடங்குங்கள். அப்போது சரியானால், பழைய வெர்ஷனிலிருந்து கொண்டுவந்த அமைப்புகளில் கோளாறு. மூன்றாவதாக, எல்லா ஆட்-இன்களையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் ஈவன்ட் வியூவரில் கிராஷுக்குக் காரணமான மாட்யூலின் பெயரும் இருக்கும், அதையும் குறித்து வையுங்கள்.

இந்த மூன்று சோதனையிலும் மறையாத பிழை மட்டும் சாலிட்வொர்க்ஸ் நிறுவனத்துடையது. அதற்கான புகாரில் ஒரு பிழைதான் இருக்க வேண்டும். எந்த வெர்ஷன், எந்த சர்வீஸ் பேக், எந்தக் கமாண்ட், எண் போட்ட படிகள், என்ன வர வேண்டும், என்ன வந்தது, பத்து முறை செய்தால் எத்தனை முறை வருகிறது, பழைய வெர்ஷனில் அதே ஃபைல் என்ன செய்கிறது. ஆர்எக்ஸின் பிராப்ளம் கேப்சரில் வீடியோவும் கணினி விவரமும் சேர்ந்த ஜிப் கிடைக்கும், அதை இணையுங்கள்.

வாடிக்கையாளரின் டிசைனை அப்படியே அனுப்பாதீர்கள். நகலெடுத்து, பிழைக்குச் சம்பந்தமில்லாத ஃபீச்சர்களை ஒவ்வொன்றாக நீக்கி, வெளி ரெஃபரன்ஸ்களை முறித்து, கஸ்டம் பிராப்பர்ட்டிகளை அழியுங்கள். முடிந்தால் வெறும் பெட்டியிலும் நாலு ஃபில்லட்டிலும் அதே பிழையை வரவழையுங்கள். இது அரைமணி நேர வேலைதான். ஆனால் 400 எம்பி அசெம்பிளியோடு வரும் புகாரைவிட, ஆறு ஃபீச்சர் உள்ள பார்ட்டோடு வரும் புகாரைத்தான் புரோகிராமர் உடனே எடுத்துப் பார்க்க முடியும்.

"மேலே அனுப்பிவிட்டோம்" என்ற பதிலை ஏற்றுக்கொள்ளாதீர்கள், எஸ்பிஆர் எண்ணை, அதாவது அந்தப் பிழைக்கு நிறுவனம் கொடுக்கும் பதிவு எண்ணைக் கேளுங்கள். அது இருந்தால்தான் ஒவ்வொரு சர்வீஸ் பேக்கோடும் வரும் திருத்தப் பட்டியலில் உங்கள் பிழையைத் தேட முடியும். அதே பிழையில் சிக்கிய மற்ற அலுவலகங்களிடம் எண்ணைக் கொடுத்து, அவர்கள் புகாரையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். புகார் கொடுத்தவர்களின் எண்ணிக்கைக்கு அங்கே மதிப்புண்டு.

எல்லோருக்கும் ஏற்றும் நாள்

நெட்வொர்க் லைசென்ஸ் (சர்வரிலிருந்து எல்லோரும் பகிர்ந்துகொள்வது) என்றால் அதைப் பங்கிடும் லைசென்ஸ் மேனேஜரை முதலில் உயர்த்துங்கள். புது மேனேஜர் பழைய வெர்ஷன்களுக்கும் லைசென்ஸ் கொடுக்கும், பழைய மேனேஜர் புதியதற்குக் கொடுக்காது. பிடிஎம் (ஃபைல்களையும் ரிவிஷன்களையும் நிர்வகிக்கும் மென்பொருள்) இருந்தால் எஸ்க்யூஎல் டேட்டாபேஸ், ஆர்க்கைவ் ஃபோல்டர் இரண்டையும் ஒரே நேரத்தில் பேக்கப் எடுத்து, அதை வேறொரு கணினியில் மீட்டெடுத்துப் பார்த்த பிறகே தொடங்குங்கள். வால்ட் (பிடிஎம்மின் ஃபைல் களஞ்சியம்) ஒருமுறை உயர்ந்தால் பேக்கப் தவிர வேறு திரும்பும் வழி இல்லை. டெலிவரி நெருங்கும் வேலைகளைப் பழைய வெர்ஷனிலேயே முடித்து அனுப்பிவிட்டு, அதன்பின் மாறுங்கள்.

கிளவுடில் ஓடும் ஃபியூஷன், ஆன்ஷேப் போன்ற டிசைன் மென்பொருள்களில் இந்தப் பொறுமைக்கு இடமில்லை, பழைய வெர்ஷனில் தங்கிவிட முடியாது. அங்கே செய்யக்கூடியது குறைவு: ஃபியூஷனின் பிரிஃபரன்ஸில் பிரிவியூ வசதிகளை அணைத்து வையுங்கள், வெளியே போகும் ஒவ்வொரு ரிவிஷனுக்கும் ஸ்டெப், பிடிஎஃப் இரண்டையும் உங்கள் சொந்த சர்வரில் இறக்கி வையுங்கள்.

கடைசியாக ஒரு எக்செல் தாள். தேதி, பிழை, எஸ்பிஆர் எண், யாருக்கு எத்தனை மணி நேரம் வீணானது, எந்த சர்வீஸ் பேக்கில் சரியானது என்று ஐந்து பத்திகள் போதும். அன்றன்றே எழுதிவிடுங்கள், மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். சந்தா புதுப்பிக்கும் விலைப்பட்டியல் வரும்போது, மொத்த மணி நேரத்தை உங்கள் டிசைனரின் ஒரு மணி நேரச் செலவால் பெருக்கி, இன்னும் திறந்திருக்கும் எஸ்பிஆர் எண்களோடு ரீசெல்லருக்கு அனுப்புங்கள். தள்ளுபடியோ, கூடுதல் பயிற்சி நாட்களோ, மேல்மட்டத் தொழில்நுட்ப ஆளோடு நேரடிப் பேச்சோ, எது வேண்டும் என்பதை அதே கடிதத்தில் தெளிவாகக் கேளுங்கள்.