வெலம் தாளில் முதல் வாழ்த்து அட்டை

கைவினைத் தாள்களில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், நான் வெலம் தாளைத்தான் எடுப்பேன். ஒரு பூவின் படத்தின் மேல் அதை வைத்துப் பாருங்கள். பூ மறையாது, விடியற்காலைப் பனியில் தெரிவதுபோல் அதன் வண்ணம் மெல்லப் பின்வாங்கும். தாளை ஒரு விரற்கடை உயர்த்தினால் பூ கரைந்துபோகும், மறுபடி அழுத்தினால் தெளிந்துவிடும். (ஆங்கிலத்தில் vellum. தின்னும் வெல்லத்தோடு குழம்பக் கூடாது என்பதால் ‘வெலம்’ என்று எழுதுகிறேன்.)

பழகாத கைகளை இந்தத் தாள் நிறையவே சோதிக்கும். பசை வெளியே தெரியும், மடித்த இடம் வெளுக்கும், மை லேசில் உலராது. மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான்.

சாதாரணத் தாளில் நார்களுக்கு நடுவே காற்று நிறைய இருக்கிறது. ஒளி அந்த இடைவெளிகளில் பட்டுச் சிதறுவதால்தான் தாள் வெள்ளையாகத் தெரிகிறது. வெலம் தாளுக்கான கூழை மிக நீண்ட நேரம் அடித்து அரைக்கிறார்கள். நார்கள் நைந்து ஒன்றோடொன்று நெருங்கிப் படிய, இடைவெளி அநேகமாக இல்லாமல் போகிறது. ஒளி ஊடுருவுகிறது. உறிஞ்சுவதற்கு இடமில்லாததால் மை மேலேயே நிற்கிறது. அழுத்தினாலோ மடித்தாலோ நார்கள் பிரிந்து நுண்ணிய வெற்றிடம் உண்டாகி, அந்த இடம் மட்டும் வெண்மையாகிறது. மடிப்பில் வந்தால் குறை. அதையே நாம் விரும்பிய இடத்தில் வரவழைத்தால் சித்திரம். இந்த அட்டையில் அதைத்தான் செய்யப்போகிறோம்.

வாங்கும்போது

பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வெலம் என்பது முதலில் கன்றுத்தோலைப் பதப்படுத்திச் செய்த எழுதுபொருளின் பெயர். 1455 வாக்கில் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் குட்டன்பர்க் அச்சிட்ட பைபிளின் படிகளில் சில தோலிலும் மற்றவை தாளிலும் அச்சானவை. இன்று கைவினைக்கு விற்கப்படுவது மரக்கூழிலோ பருத்தி நாரிலோ செய்த தாள். இது போதாதென்று, ஓவியத் தாள்களின் உறையிலும் ‘வெலம்’ என்று போட்டிருப்பார்கள். அங்கே அது மேற்பரப்பின் லேசான சொரசொரப்பைக் குறிக்கும் சொல். அந்தத் தாளில் ஒளி ஊடுருவாது. ஆகவே ஒரு தாளை உருவி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, பின்னால் உங்கள் விரல்கள் தெரிகின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்தது கனம். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில். 16 ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அதனால் 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம் இருக்கும். அட்டைக்கு மேலுறையாகப் போட 100 ஜிஎஸ்எம்மை ஒட்டிய வெலம் போதும். சிறு பெட்டி, விளக்கு உறை போன்றவற்றுக்கு 150க்கு மேல் எடுங்கள். விளக்கு உறைக்குள் எல்இடி விளக்கை மட்டும் வையுங்கள். சுடர் எந்த வடிவிலும் வேண்டாம்.

மூன்றாவது நாரோட்டம். இதைப் பலர் சொல்லித் தருவதே இல்லை, எனக்கு அது வருத்தம். இயந்திரத்தில் ஓடிவரும் தாளில் நார்கள் பெரும்பாலும் ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. தாளை மடிக்காமல், நீளவாக்கில் ஒருமுறையும் அகலவாக்கில் ஒருமுறையும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவுக் கோட்டின் திசையே நாரோட்டம். அதற்கு இணையாக மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து ஓரம் பிசிறடிக்கும்.

மற்ற சிறப்புத் தாள்கள், சுருக்கமாக

முத்துப் பளபளப்புள்ள தாள்களிலும் உலோகப் பூச்சுத் தாள்களிலும் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் மடிப்பிலும் அந்த வெள்ளை எட்டிப்பார்க்கும். மடிக்காத வேலைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானின் கைத்தாளான வாஷி, காகித மல்பெரி மரப்பட்டையின் நீண்ட நார்களால் ஆவது. அதன் தயாரிப்புக் கலையை யுனெஸ்கோ 2014இல் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மல்பெரித் தாள் எதையும் கத்தரியால் வெட்டாதீர்கள். ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, ஒரு நொடி ஊறவிட்டு, இரு பக்கமும் மெதுவாக இழுங்கள். நார்கள் இறகுபோல் விரிந்து நிற்கும் ஓரம் கிடைக்கும். கத்தரி அந்த அழகைக் கொன்றுவிடும்.

அட்டை செய்யலாம்

தேவையானவை: 250 ஜிஎஸ்எம் வெளிர்நிற அட்டை ஏ4 ஒன்று, 100 ஜிஎஸ்எம் வெலம் ஏ4 ஒன்று, அடர்பச்சைத் தாள் சிறு துண்டு, பசைக்குச்சி, இரும்பு ஸ்கேல், கட்டர், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா, வெள்ளைப் பென்சில், ஃபோம் விரிப்பு, 60 செ.மீ. நூல். கணினி மவுஸுக்கு அடியில் போடும் மெத்தென்ற விரிப்பே ஃபோமுக்குப் போதும். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். விரல் எண்ணெயும் ஈரமும் வெலத்தில் தடமாகத் தங்கிவிடும்.

1. அட்டையைக் குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். 210 × 148 மி.மீ. துண்டு கிடைக்கும். 105 மி.மீ. இடத்தில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடிட்டு மடியுங்கள்.

2. பச்சைத் தாளில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஓர் இலை வெட்டி, அட்டையின் முன்பக்க நடுவில் ஒட்டுங்கள். நிறம் அடர்த்தியாக இருக்கட்டும். அதன் மேல் விழப்போவது வெள்ளை நரம்புகள்.

3. வெலத்தை 204 × 142 மி.மீ. அளவில் வெட்டுங்கள். 142 மி.மீ. பக்கம் நாரோட்டத்துக்கு இணையாக வர வேண்டும். கட்டர் முனை புதிதாக இருக்கட்டும். ஒரே அழுத்தில் வெட்ட முயலாமல், இரண்டு மூன்று முறை லேசாக இழுங்கள்.

4. நடுவில், அதாவது 102 மி.மீ. இடத்தில், பேனாவால் ஒரே ஒருமுறை மென்மையாகக் கோடிட்டு மடியுங்கள். கோடு வெளுக்கும். கோடிட்டு மடித்ததால் அந்த வெண்மை நூல்பிடித்தாற்போல் ஒரே சீராக வரும். வெறும் கையால் மடித்தால் அது திட்டுத்திட்டாகப் பரவும்.

5. வெலத்தை அட்டையின் மேல் உறைபோல் போர்த்துங்கள். மேலும் கீழும் திறக்கும் ஓரத்திலும் 3 மி.மீ. அட்டை தெரிய வேண்டும். அடியில் இலை மங்கலாகத் தெரியும். அதன் நடுநரம்பையும் கிளை நரம்புகளையும் வெலத்தின் மேல் வெள்ளைப் பென்சிலால் லேசாக வரையுங்கள்.

6. இனி இந்த வேலையின் உயிர். வெலத்தைக் கழற்றி, வரைந்த பக்கம் கீழே இருக்கும்படி ஃபோம் மேல் வையுங்கள். பின்பக்கத்திலிருந்தே கோடுகள் தெரியும். மை தீர்ந்த பேனாவின் முனையால் அவற்றின் மேல் மெல்ல அழுத்தி இழுங்கள். முதல் முறை ஒன்றும் ஆகாததுபோல் இருக்கும். இரண்டாம் முறை கோடு சாம்பல் நிறமாகும். மூன்றாம், நான்காம் முறையில் பால் கோடாக வெளுத்து, முன்பக்கம் மெல்லப் புடைத்து நிற்கும். விரலால் வருடினால் நிஜ இலையின் நரம்புபோல் தட்டுப்படும். அவசரப்பட்டு அழுத்தினால் முனை தாளைக் கிழித்துக்கொண்டு போய்விடும். எழுத்துகளையும் இப்படியே செய்யலாம். முன்பக்கம் எழுதிப் பின்பக்கம் அழுத்துவதால் முன்னால் நேராகவே வரும்.

7. வெலத்தை மீண்டும் போர்த்தி, நரம்புகள் இலை மேல் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். நூலை மடிப்பின் உள்ளும் புறமுமாகச் சுற்றி, வெளியே முடிச்சிடுங்கள். பசையே தேவையில்லை. வேறு அட்டைகளில் ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால், மேலே ஒரு படமோ நாடாவோ வந்து மறைக்கும் இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். நீர்ப்பசை கூடவே கூடாது. ஈரம் பட்ட இடத்தில் வெலம் அலையலையாகச் சுருங்கி, பிறகு நேராவதில்லை.

வெலத்தில் அச்சிட

என் முதல் முயற்சியில் இருபது அழைப்பிதழ் உறைகளை இங்க்ஜெட் பிரிண்டரில் அச்சிட்டு, பத்து நிமிடம் கழித்து அடுக்கினேன். ஒவ்வொரு தாளின் மையும் அடுத்த தாளின் முதுகில் ஒட்டியிருந்தது. ஓர் இரவு முழுக்கச் செய்த வடிவமைப்பு அது, இன்னும் மனம் ஆறவில்லை. இங்க்ஜெட்டில் அச்சிட வேண்டுமென்றால் அதற்கென மேற்பூச்சு உள்ள வெலத்தை வாங்குங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியே பரப்பி உலரவிடுங்கள். லேசர் பிரிண்டரில் பொடி உருகி ஒட்டுவதால் இந்தத் தொல்லை இல்லை. அந்தச் சூட்டைத் தாங்கும் தாள்தானா என்று மட்டும் உறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிச்சத் தாள்களைச் சுருட்டி வைக்காதீர்கள். காற்றின் ஈரத்திலேயே வெலம் சுருளும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே தட்டையாக, மூடிய உறைக்குள் வையுங்கள். ஓரத்தில் வெட்டிய கீற்றுகளையும் அதிலேயே போட்டுவையுங்கள். புதிய பேனாவையோ பசையையோ முதலில் அந்தக் கீற்றில் சோதித்துவிட்டு முழுத் தாளைத் தொடலாம்.