யாளி குடியிருக்கும் வகுப்பறை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் வருடம் நான் செய்த மாயக் காட்டை இப்போது நினைத்தாலும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பள்ளியிலேயே கிடந்து, மூன்றாம் வகுப்பு அறையின் நான்கு சுவர்களையும் மூடினேன். பச்சை க்ரேப் பேப்பரில் கொடிகள், தெர்மாகோல் கோட்டை, ஜிகினா தூவிய நட்சத்திரங்கள், கரும்பலகைக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு ஒரு டிராகன். திங்கட்கிழமை காலை உள்ளே வந்த பிள்ளைகள் "ஐ!" என்றார்கள். பத்து நிமிடம் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அப்புறம் ஒன்றுமில்லை. அவர்கள் செய்வதற்கு நான் எதையும் மிச்சம் வைத்திருக்கவில்லை. புதன்கிழமைக்குள் டிராகனின் ஒரு பல்லை யாரோ பிய்த்துவிட்டார்கள். அந்த அறையில் ஒரு பிள்ளை தானாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

கற்பனை உலகத்தை வகுப்பறைக்குள் கொண்டுவர நினைக்கும் பலரும் இதே இடத்தில்தான் சறுக்குகிறோம். உலகத்தை நாமே முழுசாகக் கட்டி முடித்துவிட்டுப் பிள்ளைகளை வேடிக்கை பார்க்கக் கூப்பிடுகிறோம். கீழே சொல்லப் போகிற தவறுகளில் முக்கால்வாசி இதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

நான்கு சுவரையும் நிரப்புவது

லகர, ளகர, ழகர வேறுபாடு சொல்லிக் கொடுக்கும்போது பாதி வகுப்பு டிராகனின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் குரல்தான் சரியில்லையோ என்று நினைத்தேன். கோளாறு சுவரில் இருந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் பார்த்தது. 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்குச் சில பாடங்களை வெறுமையான அறையிலும், சிலவற்றைப் படங்களால் நிரம்பிய அறையிலும் நடத்தினார்கள். நிரம்பிய அறையில் பாடத்தை விட்டுக் கவனம் வெளியே போன நேரம் 38.6 சதவீதம், வெறுமையான அறையில் 28.4. பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்குச் சரியான விடை நிரம்பிய அறையில் 42 சதவீதம், வெறுமையான அறையில் 55.

இதைப் படித்துவிட்டு எல்லாவற்றையும் கிழித்துப் போட வேண்டியதில்லை. சின்ன ஆய்வு, மிகச் சின்னப் பிள்ளைகள். ஆனால் ஒரு விஷயம் தெளிவு: கரும்பலகை இருக்கும் சுவரைச் சும்மா விடுங்கள். காடு, கோட்டை, குகை எல்லாம் பின்சுவருக்குப் போகட்டும். பாடம் நடக்கும்போது அது பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கதை நேரம் வந்ததும் "எல்லாரும் திரும்பி உட்காருங்க" என்று சொல்கிறேன். அப்படிச் சொன்னதுமே வகுப்பில் ஒரு கிசுகிசுப்பு ஓடும். கதவு, திரை, மந்திர வாசல் எதுவும் இல்லாமலேயே வேறு உலகத்துக்குள் போய்விடுவார்கள்.

அப்புறம் உயரம். ஆறு வயதுப் பிள்ளை சுமார் மூன்றே முக்கால் அடி இருக்கும். நாம் நாற்காலி மேல் ஏறி ஒட்டுவது அதிகாரி கண்ணுக்கும் செல்போன் கேமராவுக்கும்தான் நன்றாகத் தெரியும். செயல்வழிக் கற்றல் நடந்த காலத்தில் நம் தொடக்கப் பள்ளிகளில் கீழ்மட்டக் கரும்பலகையும், பிள்ளைகள் செய்ததைத் தொங்கவிடக் கம்பிப் பந்தலும் வந்தன. பல பள்ளிகளில் இரண்டும் இன்னும் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு ஏழடி உயரத்தில் கோட்டை கட்ட வேண்டுமா என்ன?

இறக்குமதிப் பனி

இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் பெரும்பாலும் ஒற்றைக் கொம்புக் குதிரை, கூம்புக் கோபுரம், பனி. நானும் பஞ்சைப் பிய்த்துக் கோட்டைக் கூரையில் பனி என்று ஒட்டியிருந்தேன். வெளியே ஜூன் மாத வெயில். ஒரு பையன் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, "இலவங்காய் வெடிச்சிருக்கா டீச்சர்?" என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அவன் பார்த்த உலகத்தில் கூரைமேல் வெள்ளையாகக் கிடப்பது அதுதான்.

நம்மிடம் சரக்கு இல்லாமலா? சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாகக் கோயில் தூண்களில் நிற்கும் யாளியைப் பிள்ளைகள் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறார்கள். அதற்குப் பெயர் இருக்கிறது என்பதுதான் அவர்களுக்குப் புதுசு. நிலவொளியைக் குடித்து வாழும் சகோரம், பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம், ஓர் உடலில் இரண்டு தலை கொண்ட பறவை, எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி என்று வரிசை நீளும்.

எனக்குப் பிடித்தது அசுணம். சங்கப் பாடல்களில் வருகிறது. யாழிசை கேட்டால் மயங்கி நிற்கும். பறை முழங்கினால் உயிரை விட்டுவிடும். அது விலங்கு என்பாரும் உண்டு, பறவை என்பாரும் உண்டு. இதைவிட நல்ல செய்தி ஓர் ஆசிரியருக்குக் கிடைக்குமா? பார்த்து வரைய படம் இல்லை என்பதால் தப்பாக வரையவும் முடியாது. ஒரு பிள்ளை முறம் மாதிரிக் காது போட்டது. இன்னொன்று ஆமை ஓட்டுக்குள் காதை ஒளித்துவைத்தது. ஒருத்தி வரைந்த அசுணம் இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "பக்கத்துல கல்யாண மண்டபம் டீச்சர்" என்றாள். கூடுதல் லாபம் ஒன்று: வகுப்பில் சத்தம் எகிறும்போது நான் மேசையைத் தட்டுவதில்லை. "டேய், அசுணம் செத்துடும்டா" என்று அவர்களே ஒருவரை ஒருவர் அடக்கிக்கொள்கிறார்கள்.

அதற்காக டிராகனைத் துரத்தவும் வேண்டாம். பிள்ளைகள் டிவியில் தினமும் பார்ப்பது அதைத்தான். யாளியும் டிராகனும் ஒரே தெருவில் குடியிருக்கட்டும்.

எரிவதும் விழுவதும் நனைவதும்

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தார்கள். தீ பரவியது கீற்றுக் கூரையில். இந்தத் தேதியை மனதில் வைத்துக்கொண்டால் வகுப்பறைக்குள் முனிவர் குடில் என்று தென்னங்கீற்று வேயத் தோன்றாது. க்ரேப் பேப்பர், தெர்மாகோல், பஞ்சு, பழைய சேலைத்துணி எல்லாமே சட்டென்று பற்றும். அவற்றுக்கு நடுவே அகல்விளக்கு, மெழுகுவத்தி, சீரியல் பல்பு வேண்டாம். கதவு, ஜன்னல், மின் பலகை மூன்றையும் சுற்றி எதையும் கட்டாதீர்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

மற்றவை சின்னத் தொல்லைகள். மின்விசிறிக்குப் பக்கத்தில் நூல் கட்டி மேகம் தொங்கவிட்டால் முதல் சுற்றிலேயே மேகம் கலையும், சில சமயம் விசிறியும் நின்றுபோகும். செல்லோ டேப் சுண்ணாம்புச் சுவரில் இரண்டு நாள் நிற்காது. பெயின்ட் சுவரில் நின்றுவிட்டு, உரிக்கும்போது பெயின்ட்டையும் கூட்டிக்கொண்டு போகும். சணல் கயிறும் துணி கிளிப்பும் போதும். க்ரேப் பேப்பர் நனைந்தால் சாயம் விடும். ஐப்பசி மழையில் ஒழுகும் அறை என்றால் என் காட்டைப்போல் உங்கள் காடும் ஐந்தாறு சட்டைகளில் பச்சையாக இறங்கும். ஜிகினாவை வாங்கவே வாங்காதீர்கள். பெரும்பாலும் அது பொடி பொடியான பிளாஸ்டிக். கண்ணில் விழும், சோற்றுத் தட்டுக்குள் போகும், அடுத்த ஆண்டு விழா வரைக்கும் பெருக்கப் பெருக்க வந்துகொண்டே இருக்கும்.

குகை வேண்டுமென்று ஜன்னலை அடைத்து அறையை இருட்டாக்குவது இன்னொரு தவறு. காற்று போய்விடும் என்பது ஒரு பக்கம். வேதாளம் கதையை இருட்டில் சொன்னபோது ஒரு சிறுமி என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கும் வரவில்லை. பயத்தில் சுவை உண்டு, ஆனால் அதை அணைக்கும் சுவிட்ச் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். இப்போது தோல்பாவைக்கூத்துக்காரர்களிடம் கடன் வாங்கிய வழியில் போகிறேன். ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் செல்போன் டார்ச். அட்டையில் வெட்டிய வேதாளத்தைப் பிள்ளைகளே பிடித்து ஆட்டுவார்கள். தானே ஆட்டும் வேதாளத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. அந்தச் சிறுமி அதற்கு "வேதா" என்று செல்லப்பெயர் வைத்துவிட்டாள்.

"கற்பனை பண்ணி எழுதுங்க"

செயல்பாடுகளில் நடக்கும் பெரிய தவறு இந்த ஒரு வாக்கியம்தான். முப்பது நோட்டு வரும். முப்பதிலும் "ஒரு ஊர்ல ஒரு ராஜா" இருப்பார். பிள்ளைகளிடம் கற்பனை இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். எல்லை இல்லாத மைதானத்தில் எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்குத்தான் தெரியும்? ஒரு விசித்திரமான பொருளையும் ஒரு சாதாரணமான இடத்தையும் முட்டவிடுங்கள். மிச்சத்தை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

"யாளி நம்ம ஊர் டவுன் பஸ்ஸில் ஏறுகிறது. டிக்கெட் எவ்வளவு?" என்று ஒருநாள் கேட்டேன். முழு டிக்கெட் என்றது ஒரு கட்சி. சிங்கத்துக்கு ஒன்று, யானைக்கு ஒன்று என இரண்டு டிக்கெட் என்றது அடுத்த கட்சி. துதிக்கையை வெளியே நீட்டினால் கண்டக்டர் திட்டுவார் என்று ஒருவன். இதுவரை வாயே திறக்காத கடைசி வரிசைப் பெண் கை தூக்கினாள்: "பொம்பளை யாளியா இருந்தா டிக்கெட்டே கிடையாது டீச்சர்." 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை அல்லவா! வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. அதன் பிறகு யாளி ஆணா பெண்ணா என்று கண்டக்டர் எப்படிக் கண்டுபிடிப்பார் என்பதில் அடிதடி. அன்று எழுதிய பத்திகளில் எழுத்துப் பிழை ஏராளம், ஆனால் ராஜா ஒருவரும் வரவில்லை.

அந்தப் பிழைகளை உடனே சிவப்பு மையில் சுழிப்பதும் ஒரு தவறு. அன்றைக்கு விட்டுவிடுங்கள். மறுநாள் "இதைக் கம்பிப் பந்தலில் தொங்கவிடப் போகிறோம், நல்ல பிரதி எடுக்கலாமா?" என்று கேட்டால் அவர்களே திருத்துவார்கள். இதைவிட மோசம், ஒவ்வொரு கதைக்கும் கடைசியில் "இதிலிருந்து என்ன நீதி தெரிகிறது?" என்று கேட்பது. யாளி பஸ்ஸில் போனதற்கு என்ன நீதி இருக்கும்? படிக்கட்டில் பயணம் செய்யாதீர்கள் என்பதா?

யார் ராஜா, யார் அரக்கன்

வேடம் கட்டும்போது நம் கை தானாகவே ஒரு பக்கம் போகும். சிவப்பாக இருக்கும் பிள்ளை ராணி, நன்றாகப் படிப்பவன் ராஜா, கறுப்பாகவோ குண்டாகவோ இருப்பவன் அரக்கன், பேசத் தயங்குபவன் மரம். யோசித்துச் செய்வதில்லை, அதுதான் சிக்கல். அரக்கன் என்ற பட்டப்பெயர் நாடகம் முடிந்த பிறகும் அந்தப் பிள்ளையோடு ஐந்தாம் வகுப்பு வரை போகும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். அரக்கி வேடம் வந்த பெண் அழுதால், அரக்கிக்குத்தான் பறக்கத் தெரியும் என்று எடுத்துச் சொல்லுங்கள். அடுத்த முறை அந்தச் சீட்டுக்குப் போட்டி வரும்.

பெற்றோரிடம் உடை கேட்காதீர்கள். வாடகைக்கு எடுக்கும் ராணி உடுப்பு ஒரு தினக்கூலி வீட்டில் என்ன செய்யும் என்று நமக்குத் தெரியாததல்ல. பழைய கல்யாணப் பத்திரிகைகளின் தங்க நிற அட்டையில் எத்தனை கிரீடம் வேண்டுமானாலும் வெட்டலாம். ஊரில் முகூர்த்த மாதம் முடிந்ததும் பிள்ளைகளிடம் சொல்லிவைத்தால் போதும், கட்டுக்கட்டாக வந்து சேரும்.

இன்னொன்று, அழித்துவிடும் நாள். யாராவது பார்வையிட வருவார்கள், வாட்ஸ்அப் குழுவில் படம் போட வேண்டும் என்று ஜூனில் ஒட்டியதை மார்ச் வரை தொங்கவிடுகிறோம். இரண்டு மாதத்தில் அது பிள்ளைகள் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். தூசியும் பல்லியும்தான் மிச்சம். நான் ஆறு வாரத்துக்கு மேல் எதையும் வைப்பதில்லை. கழற்றும் நாளன்று அவரவர் செய்ததை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். கூட்டாகச் செய்த யாளிக்குச் சீட்டு. போன முறை வால் கிடைத்தவன் அதை அப்பா வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு போனான். அசுணத்தை மட்டும் யாரையும் எடுக்கவிடவில்லை. அது இல்லாவிட்டால் வகுப்பில் சத்தம் தாங்காதாம்.