கொய்யா வரிசைக்கு நடுவே பீன்ஸ்: வேரைப் பார்த்து விதையுங்கள்

கொய்யாக் கன்றை 5 மீட்டர் இடைவெளியில் நட்டால், அந்த இடத்தைக் கிளை மூட எப்படியும் இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை நடுவே கிடக்கும் நிலத்தைச் சும்மா போட மனம் வராது. அலங்காநல்லூர்ப் பக்கம் எங்கள் செம்மண் தோட்டத்தில் நான் அதில் செடி பீன்ஸ் போடுகிறேன். நன்றாக வருகிறது. ஆனால் தண்ணீர், உரம், பருவம் மூன்றிலும் இரண்டின் தேவையும் வேறு வேறு. ஒன்றுக்குச் செய்வதை அப்படியே மற்றதற்கும் செய்தால் இரண்டுமே கெடும்.

பருவம்

கொய்யாவுக்கு மதுரை வெயில் ஒரு பொருட்டே இல்லை. ஆடி மழை தொடங்கியதிலிருந்து கார்த்திகை வரை எப்போது வேண்டுமானாலும் நடலாம். பீன்ஸ் அப்படியில்லை, அது கொடைக்கானல், சிறுமலை மாதிரி குளிர்ந்த இடத்துப் பயிர். பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் பூ உதிரும், 35-ஐத் தொட்டால் காய் பிடிக்கவே பிடிக்காது. சமவெளியில் நமக்குக் கிடைப்பது ஒரே ஒரு வாய்ப்பு: ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்ததும் விதைத்து, தை முடிவதற்குள் பறித்துவிடுவது. அர்கா கோமல் போன்ற குத்துச்செடி ரகம் 50 நாள் வாக்கில் பறிப்புக்கு வந்துவிடும் என்பதால் இது நடக்கும். கொடி பீன்ஸ் இங்கே வேண்டாம். பந்தல் செலவும் கூடுதல், நாளும் கூடுதல்.

குழியும் பாத்தியும்

கொய்யாவுக்கு நீளம், அகலம், ஆழம் மூன்றும் 45 செ.மீ. இருக்கும்படி குழி. மேல்மண்ணோடு 10 கிலோ மட்கிய தொழு உரம், 1 கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். பீன்ஸ் பாத்தியைக் கன்றின் தூரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் போடுங்கள். கொய்யாவின் உணவெடுக்கும் வேர்கள் மேலாகவே படரும். மம்பட்டி போட்டால் அறுந்துவிடும். கன்று ஓரத்தில் களைக்கொத்தி மட்டும்தான். மினி டில்லர் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தினாலும் கொய்யா வரிசைக்குள் அதை நான் விடுவதில்லை.

பீன்ஸ் விதையை ஊறவைக்காதீர்கள். ஈரமண்ணில் 2 செ.மீ. ஆழத்தில் ஊன்றினால் போதும். விதைத்த மறுநாள் மழை அடித்துச் செம்மண் மேலே இறுகிவிட்டால் பருப்பு மேலே வர முடியாமல் கழுத்து ஒடியும். அந்த இறுக்கத்தைக் கையாலேயே லேசாக உடைத்துவிடுங்கள்.

தண்ணீர்: இரண்டு வால்வு

சொட்டுநீர் போடுபவர்கள் தயவுசெய்து இரண்டுக்கும் தனித்தனி லைன், தனித்தனி வால்வு வையுங்கள். ஒரு வால்வின் விலை பெரிதில்லை. பீன்ஸுக்கு மேல்மண் காயவே கூடாது, பூக்கும்போது ஒரு தண்ணீர் தவறினாலும் காய் சூம்பிவிடும். வேர்பிடித்த கொய்யா வறட்சியைத் தாங்கும். காய்ப்புக்கு வந்த மரத்தைக் கொஞ்சம் காயவிட்டு, கிளை நுனிகளைக் கவாத்து செய்து, பிறகு தண்ணீர் காட்டினால்தான் புதுத் துளிர் வரும். பூ அந்தத் துளிரில்தான் வைக்கும்.

போர் தண்ணீர் வைத்திருப்பவர்கள், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். தோட்டக் கருவிகளில் எனக்கு மிகவும் பயன்பட்டது அதுதான். அளவு 500 பிபிஎம்-ஐத் தாண்டினால் பீன்ஸ் விளைச்சல் குறையத் தொடங்கும். இலை ஓரம் கருகும். அதே தண்ணீரைக் கொய்யா பேசாமல் குடிக்கும்.

உரம்

காய்க்கும் கொய்யா மரம் ஒன்றுக்கு வருடத்துக்கு 50 கிலோ தொழு உரம், தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 1 கிலோ. பாதியை மார்ச்சிலும் பாதியை அக்டோபரிலும் பிரித்துக் கொடுக்க வேண்டும். இந்த 1 கிலோ என்பது சத்தின் அளவு, மூட்டையில் உள்ள உரத்தின் அளவில்லை. 1 கிலோ தழைச்சத்துக்கு யூரியா ஏறக்குறைய 2.2 கிலோ வேண்டும். சின்னக் கன்றுக்கு வயதுக்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பீன்ஸுக்கு அடியுரமாகத் தொழு உரமும் சூப்பர் பாஸ்பேட்டும், மேலுரமாகக் கொஞ்சம் யூரியாவும் போதும். யூரியா கூடினால் இலை மட்டும் தளதளவென்று நிற்கும். வேரில் முண்டு வைத்துத் தழைச்சத்து சேர்க்கும் நுண்ணுயிரான ரைசோபியம் வாங்கினால் பீன்ஸுக்கான பாக்கெட்டா என்று கேட்டு வாங்குங்கள், நிலக்கடலைக்கானது இதில் வேலை செய்யாது. ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம்.

வேர்: இங்கே நிதானமாகப் படியுங்கள்

எங்கள் தோட்டத்தில் சில கன்றுகள் நட்ட மறுவருடமே வெளிறி, பிறகு இலை செம்பு நிறமாகி நின்றுவிட்டன. உரம் வைத்தும் துத்தநாகம் தெளித்தும் தேறவில்லை. பக்கத்துப் பாத்தியில் வாடிய பீன்ஸ் செடி ஒன்றைப் பிடுங்கியபோது காரணம் கையிலேயே வந்தது: வேர்முடிச்சு நூற்புழு, அதாவது வேருக்குள் புகுந்து முடிச்சுப்போல வீங்கவைக்கும், கண்ணுக்குத் தெரியாத மண்புழு வகையல்லாத நுண்புழு. நர்சரிப் பையின் மண்ணோடு வந்திருக்கிறது. பழனிப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யாத் தோப்புகளையும் பாடாய்ப்படுத்துவது இதுதான். கொய்யா, பீன்ஸ் இரண்டையுமே இது தாக்கும். அதனால் இந்த ஊடுபயிரில் ஆபத்தும் உண்டு, ஒரு பெரிய வசதியும் உண்டு: மரத்தைத் தோண்டாமல், பீன்ஸ் வேரைப் பார்த்தே மண்ணின் நிலையைச் சொல்லிவிடலாம்.

கன்று வாங்கும்போது ஒரு பையையாவது கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கே வாங்காதீர்கள். மெல்லிய வேர்கள் வழவழவென்று நூல்போல ஓட வேண்டும்.

பீன்ஸ் பூக்கும்போது பாத்திக்கு ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள். இழுத்துப் பிடுங்கினால் பார்க்க வேண்டியது மண்ணிலேயே தங்கிவிடும்.

(பிறகு சேர்த்தது: மேலூரிலிருந்து எழுதிய ஒருவர், வேரில் உருண்டைகளைப் பார்த்து நூற்புழு என்று பயந்து ஒரு பாத்தியையே அழித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார். அவர் விவரித்ததைப் பார்த்தால் அது ரைசோபியம் முண்டு. அதனால் இதை விரித்து எழுதுகிறேன்.) ரைசோபியம் முண்டு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். விரலால் தேய்த்தால் கழன்று வரும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அது நல்லது, விட்டுவிடுங்கள். நூற்புழு முடிச்சில் வேரே வீங்கியிருக்கும், தேய்த்தால் வராது, பிய்த்தால் வேர்தான் அறும். முடிச்சுகள் ஒன்றோடொன்று சேர்ந்து கோணல்மாணலாக, இஞ்சிபோலத் தெரியும்.

முடிச்சு இருந்தால் அந்தச் செடிகளை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். அந்த இடத்தில் அடுத்து பீன்ஸ், தக்காளி, கத்தரி, வெண்டை எதுவும் கூடாது. கேந்திப்பூ போடுங்கள், அதன் வேர் நூற்புழுவைப் பெருகவிடாது. கொய்யாத் தூரைச் சுற்றி வேப்பம் புண்ணாக்கும், நூற்புழுவை அழிக்கும், தொழு உரத்தில் பெருக்கிய பேசிலோமைசஸ் பூஞ்சையும் வைத்து, மண்ணில் ஈரம் காயாமல் பாருங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் வேரையும் மண்ணையும் பையில் கட்டி ஒத்தக்கடை வேளாண் கல்லூரியில் காட்டிக் கேட்கலாம்.

சித்திரையில் என்ன போடலாம் என்று பலர் கேட்கிறார்கள். கொத்தவரை அந்த வெயிலுக்கு நிற்கும், தண்ணீரும் குறைவு. ஆனால் அதையும் நூற்புழு தாக்கும், ஆகவே வேரை அலசிப் பார்ப்பது அதற்கும் உண்டு. முடிச்சு கண்ட பாத்தி என்றால் எதையும் விதைக்காமல், கன்று வேர் எட்டாத இடத்தை மட்டும் கொத்திவிட்டுக் கத்திரி வெயிலில் காயப்போடுங்கள்.