கருக்கரிவாள் வெட்டினால் வீட்டில் என்ன செய்வது, எத்தனை நாள் பொறுப்பது?

நெல் அறுக்க மிஷின் வந்துவிட்டது. ஆனாலும் கும்பகோணத்துக்கும் பாபநாசத்துக்கும் நடுவே எங்கள் பக்கத்தில் கருக்கரிவாள் இல்லாத வீடு கிடையாது. மாட்டுக்குப் புல் யார் அறுப்பது? இடது கை சுண்டுவிரலில் பழைய தழும்பு இல்லாத ஆள் எங்கள் தெருவில் குறைவு. என் விரலில் இரண்டு இருக்கின்றன. சின்ன வயதில் பட்டது தடித்துக் கறுத்துக் கிடக்கிறது. அதில் காப்பித்தூளை வைத்து அமுக்கினார்கள். போன வருஷம் பட்டது மெல்லிய கோடு. அதைக் கழுவிக் கட்டியதோடு சரி. கும்பகோணத்துக்காரன் காப்பித்தூளைக் குறை சொல்லலாமா என்று கேட்காதீர்கள். அதன் இடம் ஃபில்டர்.

இங்கே சொல்லப்போவது சின்னக் காயத்துக்கு மட்டும். வாய் பிளந்து நிற்கிற வெட்டு, உள்ளே மஞ்சளாகக் கொழுப்பு தெரிவது, விரலை மடக்க முடியாமலோ மரத்தோ போவது, ஆழமாக ஏறிய ஆணி, கருவேல முள் இதெல்லாம் ஆஸ்பத்திரி விஷயம். தையல் போட வேண்டிய காயத்தை ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் காட்டுவது நல்லது. நாய், பூனை, குரங்கு கடித்தால் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்குப் போங்கள்.

1. அழுத்துங்கள்

சுத்தமான பருத்தித் துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, கையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். ‘நின்றுவிட்டதா’ என்று நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. உறையத் தொடங்கிய ரத்தம் அதோடு பிய்ந்து வந்துவிடும். கடிகாரத்தைப் பாருங்கள், காயத்தைப் பார்க்காதீர்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகும் ஒழுகினால் இன்னொரு பத்து நிமிடம். அதற்கும் நிற்கவில்லையென்றால் அழுத்தியபடியே கிளம்பிவிடுங்கள்.

2. கழுவுங்கள்

மொத்த வைத்தியத்தில் முக்கால்வாசி இதுதான். முதலில் உங்கள் கையை சோப்பு போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். பிறகு காயத்தைக் குழாய்க்கு அடியில் ஐந்து நிமிடம் காட்டுங்கள். சோப்பு காயத்தைச் சுற்றியுள்ள தோலுக்கு; உள்ளே தேய்க்க வேண்டாம். குழாய் இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைச் சொம்பில் எடுத்து ஊற்றுங்கள். வாய்க்கால் தண்ணீர் மட்டும் கூடாது. தண்ணீர் எவ்வளவு தெளிவாக ஓடினாலும் சரி, அதில் மாடு இறங்கியிருக்கும், எலி மூத்திரம் கலந்திருக்கும். மண், உமி, சில்லு ஏதாவது ஒட்டியிருந்தால் ஸ்பிரிட்டில் துடைத்த இடுக்கியால் எடுங்கள். வரவில்லையென்றால் தோண்ட வேண்டாம், நர்ஸ் எடுக்கட்டும்.

‘புண்ணில் தண்ணி படக்கூடாது, சீழ் வைக்கும்’ என்று வீட்டில் ஒரு குரல் கட்டாயம் வரும். பாட்டி அதைச் சொன்ன காலத்தில் வீட்டுக்கு இருந்த தண்ணீர் குளத்துத் தண்ணீர். அவர் சொன்னதில் தப்பில்லை. குழாய் வந்த பிறகும் நாம் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

3. எதை வைக்கக் கூடாது

சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், சிலந்தி வலை, சாணி, மாத்திரையைப் பொடித்த தூள் எதுவும் வேண்டாம். வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு விடுவதை நானும் செய்திருக்கிறேன். வரப்பெல்லாம் அதுதானே பூத்துக் கிடக்கிறது. ரத்தத்தை நிறுத்தும் குணம் அதற்கு இருக்கலாம். ஆனால் கழுவாத இலையோடு வரப்பு மண்ணும் சேர்ந்து உள்ளே போகிறது. மஞ்சள்தூளுக்கும் இதே கதைதான்: ரசத்துக்கு வாங்கிய தூள், காயத்துக்கு அல்ல. நுரை வருகிற ஹைட்ரஜன் பெராக்சைடும், எரிகிற டெட்டாலும் கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளர்கிற தசையையும் எரிக்கும். எரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்பது நம் ஊர் நம்பிக்கை.

4. பூசி மூடுங்கள்

மெல்லிசாக வாசலின், அதன் மேல் காஸ் துணி, பிளாஸ்திரி. சின்னக் கீறலுக்கு பேண்ட் எய்ட் போதும். ‘காத்தாட விடு, காயட்டும்’ என்பார்கள். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்பவர் பன்றித் தோலில் காயம் உண்டாக்கிப் பார்த்தார். பாலித்தீன் தாள் போட்டு ஈரம் காத்த காயம், காற்றாட விட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் மூடியது. காய்ந்த பொருக்குக்கு அடியில் புதுத் தோல் வழி தேடி ஊர வேண்டியிருக்கிறது. ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போகிறது. அதற்காகச் சொதசொதவென்று வைக்கச் சொல்லவில்லை.

கட்டை தினமும் மாற்றுங்கள். நனைந்தால் உடனே மாற்றுங்கள். காஸ் ஒட்டிக்கொண்டால் இழுக்காமல் தண்ணீர் விட்டு ஊறவைத்து எடுங்கள். ஆன்டிபயாடிக் களிம்பு பெரும்பாலான கீறல்களுக்குத் தேவையே இல்லை. நியோமைசின் கலந்த களிம்பு சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் அரித்துச் சிவக்கும். அதைப் பார்த்து ‘புண் பரவுகிறது’ என்று இன்னும் அதிகமாகப் பூசுவார்கள்.

நடவு, களை சமயத்தில் காலில் காயம் பட்டால் நாலு நாள் சேற்றில் இறங்காமல் இருப்பது நல்லது. கூலிக்குப் போகிறவர்களுக்கு அது நடக்கிற காரியமில்லை என்று தெரியும். கம் பூட்ஸ் போடுங்கள். கரையேறியதும் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்துக் கட்டை மாற்றுங்கள். அடுத்த சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு கெண்டைக்கால் சதை வலித்து, கண் சிவந்தால், சேற்றில் நின்றதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் கிருமிக்குக் கீறல் ஒரு வாசல்.

5. செப்டிக் ஊசி

இந்த ஊசி ரணஜன்னிக்கு, அதாவது டெட்டனஸுக்கு. அது துருவால் வருவதில்லை. அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணியிலும் இருக்கின்றன. துருப்பிடித்த ஆணி அங்கே கிடந்ததுதான் அதன் குற்றம். முன்பு போட்ட டிடி ஊசி ரணஜன்னிக்கு மட்டும், இப்போது தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்துப் போடுகிறார்கள். சின்ன வயது ஊசிகளை முழுதாகப் போட்டவர்களுக்கு, கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் அழுக்குக் காயத்துக்கும், பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தால் சுத்தமான கீறலுக்கும் ஒரு ஊசி வேண்டும். கீறலுக்குக் கீறல் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. வாழ்க்கையில் ஊசியே போடாத பெரியவர்களுக்கு ஒன்று போதாது, மூன்று தவணை வேண்டும்.

6. நாள் கணக்கு

காயம் பட்ட தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். மூன்று நாளைக்கு ஒரு தடவை, பக்கத்தில் அதே ஒரு ரூபாய்க் காசை வைத்து போனில் படம் எடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்குக் காயம் சுருங்குவதும் தெரியாது, பெருகுவதும் தெரியாது. காசு சொல்லிவிடும்.

முதல் இரண்டு மூன்று நாள் லேசான வீக்கம், சூடு, வெளிர்மஞ்சளாக நீர் கசிவது இவை இயல்புதான். ஆறும்போது அரிக்கும். கையிலும் முகத்திலும் பட்ட சிராய்ப்பு ஒரு வாரம், பத்து நாளில் மூடும். முழங்காலுக்குக் கீழே எல்லாமே மெதுவாகத்தான் நடக்கும். இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். ஆனால் வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டே வர வேண்டும்.

இரண்டாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் ஏறுவது, கெட்டியான நாற்றமடிக்கும் சீழ், காய்ச்சல், தொடையிடுக்கில் நெறி கட்டுவது, காயத்திலிருந்து மேலே ஓடும் சிவப்புக் கோடு இதில் ஏதாவது இருந்தால் அன்றைக்கே போங்கள். புத்தகத்தில் ‘சிவந்து பரவும்’ என்று போட்டிருக்கும். நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாமல், தோல் கறுத்து மினுமினுக்கும், தொட்டால் சுடும். விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் கோட்டைத் தாண்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

7. ஆறவில்லை என்றால்

மன்னார்குடிப் பக்கம் இருக்கிற என் அத்தைக்கு வரப்பில் கிடந்த பாட்டில் சில்லு பாதத்தில் குத்தியது. குடித்துவிட்டு அங்கேயே உடைத்துப் போட்டுப் போகிறவர்களை என்னவென்று திட்டுவது! ஐந்து வாரம் கழித்து நான் பார்த்தபோதும் அது திறந்தே இருந்தது. “வலியே இல்லடா தம்பி, சேத்துல நிக்கிற காலு, மெதுவாத்தான் ஆறும்” என்றார். வலி இல்லை என்றதும்தான் எனக்குத் திக்கென்றது. சோதித்தால் சர்க்கரை 300க்கு மேல். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டாலே அது சர்க்கரை நோய்க் கணக்கு. பாதம் மரத்துப்போனதால்தான் வலி தெரியவில்லை.

இரண்டு வாரத்தில் காயம் பாதியாகக்கூடச் சுருங்கவில்லையென்றால் களிம்பை மாற்றாதீர்கள், ரத்தத்தைச் சோதியுங்கள். இது நான் வைத்திருக்கிற கணக்கு. சர்க்கரை தெரிந்தவர்கள் காலில் பட்டால் அவ்வளவு நாளும் காத்திருக்கக் கூடாது, மறுநாளே காட்ட வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் ரத்தசோகை, பீடி, உள் கணுக்கால் கறுத்து நரம்பு சுருட்டிக்கொண்டிருப்பது என்று வேறு காரணங்கள் உண்டு. அப்புறம் சாப்பாடு. காயம் பட்டால் மீன் ஆகாது, முட்டை ஆகாது, கத்திரிக்காய் கரப்பான் என்று பெரியவர்களை ரசம் சாதத்தில் நிறுத்திவிடுகிறோம். புதுத் தசை வளரப் புரதம் வேண்டும்: முட்டை, மீன், பருப்பு. கொய்யாவும் நெல்லிக்காயும் சேர்த்துக் கொடுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும்போது போன் படங்கள், காயம் பட்ட தேதி, கடைசி ஊசி எப்போது, சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வரும்போது பாதத்தையும் ஒருமுறை காட்டுங்கள். அத்தைக்குப் புண் மூட இன்னும் இரண்டு மாதம் ஆனது. இப்போது ராத்திரி படுக்குமுன் தரையில் கண்ணாடியை வைத்து உள்ளங்காலைப் பார்க்கிறார். கல்யாணத்தன்றைக்குக்கூட இவ்வளவு நேரம் கண்ணாடி பார்க்கவில்லை என்று மாமா கிண்டல் செய்கிறார்.