பழைய கீசருக்கு வெப்பக் காப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையில் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில், பல ஆண்டுகளாக உழைத்துவரும் 25 லிட்டர் கீசர்களை இன்றும் காணலாம். அவற்றின் உள்தொட்டிக்கும் வெளிக்கூட்டுக்கும் நடுவே அடைத்த கண்ணாடிப் பஞ்சு, காலப்போக்கில் நைந்து கீழே இறங்கியிருந்தால் வெளிக்கூட்டின் மேல்பகுதி சுடத் தொடங்கும். தண்ணீர் சூடானதும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கூடு குளிர்ச்சியாகவே இருந்தால் மேலே எதைச் சுற்றினாலும் மிச்சமாவது சொற்பமே.

கூடு சுடுகிறது என்றதும் உடனே சுற்றத் தொடங்குவதுதான் முதல் தவறு. நம் பகுதியில் கடற்காற்றில் உப்பு, ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உப்பு. கீசரின் அடிப்புறத்தில் பழுப்பு நிறக் கோடு இறங்கியிருக்கிறதா, குழாய் இணைப்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பூத்திருந்தால் அங்கே நீர் கசிந்து காய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உள்தொட்டியே அரித்துப் போயிருந்தால் அதற்குக் காப்பு போடுவது வீண்செலவு. இணைப்பு மட்டும் கசிந்தால் பிளம்பரை அழைத்துச் சரிசெய்த பிறகு சுற்றலாம்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பாதுகாப்பு வால்வை மூடிச் சுற்றுவது. 25 லிட்டர் நீர் 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும்போது ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் பெருகுகிறது. குளிர்நீர்க் குழாய் வழியே அது திரும்பிப் போக முடியாதபடி ஒருவழி வால்வு தடுத்தால், உள்ளே ஏறும் அழுத்தத்துக்குப் பாதுகாப்பு வால்வு ஒன்றே வடிகால். அதிலிருந்து சொட்டும் நீர் காப்பை நனைக்கிறது என்று வால்வின் வாயைத் துணியாலோ டேப்பாலோ அடைப்பவர்கள் இருக்கிறார்கள். குறிப்பிட்ட சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டும் பழுதாகித் தண்ணீர் கொதிக்கத் தொடங்கினால் தொட்டியே வெடிக்கக்கூடும். சொட்டும் நீரை ஒரு சிறு குழாய் வைத்துத் தரைக்கு இறக்குங்கள். அதேபோல், மின்கம்பிகளும் தெர்மோஸ்டாட்டும் இருக்கும் மூடியின் மேல் எந்தப் பொருளும் படக் கூடாது.

சாக்கு, பழைய போர்வை போன்றவை நன்றாக உலர்ந்திருக்கும் வரைதான் காப்பு. வெப்பத்தைத் தடுப்பது இழைகளுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. அந்த இடத்தில் நீர் புகுந்தால், நீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தும் ஓயாமலும் இருக்கும் மார்கழியில்தான் வெந்நீர் அதிகம் தேவைப்படுகிறது; அப்போது ஈரத்தை உறிஞ்சிய சாக்கு, சூட்டையும் காக்காது, கூட்டையும் துருப்பிடிக்க வைக்கும். தெர்மாகோல் அதிகச் சூட்டில் இளகும், எளிதில் தீப்பற்றும். அலுமினியத் தாளை மட்டும் கூட்டோடு ஒட்டினால் பயன் மிகக் குறைவு, கம்பி முனைகளுக்கு அருகே ஆபத்தும்கூட. கண்ணாடிப் பஞ்சுப் போர்வையோ நைட்ரைல் ரப்பர் ஷீட்டோதான் என் பரிந்துரை. பஞ்சை இறுக்கிக் கட்டாதீர்கள். அமுங்கினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் அதைத் தொடவும் வேண்டாம்.

சுற்றுப்புறத்தை மட்டும் மூடிவிட்டு உச்சியை விட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. சூடான நீர் மேலேதான் தங்கும் என்பதால் உச்சிக்குத்தான் காப்பு முதலில் தேவை. அடுத்து, வெந்நீர் வெளியேறும் குழாய். கீசரை ஒட்டிய முதல் ஒரு மீட்டருக்காவது ரப்பர் உறை போட வேண்டும். குழாய் மொட்டைமாடி வழியாகப் போனால், வெயிலில் ரப்பர் வெடிக்காமலிருக்க உறையின் மேல் அலுமினியத் தகடு சுற்ற வேண்டும்.

காப்பு போட்டாயிற்று என்று கீசரை நாள் முழுவதும் போட்டு வைத்தால் மிச்சமானதெல்லாம் போய்விடும். வெப்ப இழப்பு நீருக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. 30 டிகிரி உள்ள குளியலறையில் தெர்மோஸ்டாட்டை 75 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் குறைத்தாலே இழப்பு மூன்றில் ஒரு பங்கு குறையும், அதுவும் காசு செலவில்லாமல். குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, குளிக்கப் போகும்போது அணைப்பது அதைவிடவும் நல்லது.

கேஸ் கீசருக்கு இவை எதுவும் பொருந்தாது. எரிவதற்குக் காற்று உள்ளே போகவும் புகை வெளியேறவும் வேண்டிய கருவி அது. அதன் மேல் எதையும் சுற்றவே கூடாது.