வலப்பக்கம் என்றால் யாருடைய வலம்?

போன மாதம் முல்லைத்தீவுப் பக்கம் ஒரு நாடக ஒத்திகை பார்க்கப் போயிருந்தேன். நெறியாள்கைக்குப் புதிதாக வந்த தம்பி, சனம் இருக்கும் பக்கம் நின்றுகொண்டு "வலப்பக்கத்தால போ" என்றார். பிள்ளை தன் வலப்பக்கம் திரும்பினாள். "அங்கயில்லை, வலப்பக்கம்!" என்று அதட்டல். எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிள்ளை செய்ததுதான் சரி. அந்த அதட்டலை ஒரு காலத்தில் போட்டவன் நான்.

வசனம் மறப்பது, சனத்துக்கு முதுகைக் காட்டுவது பற்றியெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். அவற்றை விடுகிறேன். சொற்களில் வரும் பிழைதான் ஆளை விழுத்தும்.

வலமும் இடமும்

சனம் ஒரு பக்கம் மட்டும் இருந்து பார்க்கும் படச்சட்ட மேடையில் வலம், இடம் இரண்டும் நடிகருடையவை. நடிகர் சனத்தைப் பார்த்து நிற்கும்போது அவருடைய வலக்கைப் பக்கம்தான் மேடையின் வலம். முன்னால் கதிரையில் இருக்கும் நெறியாளருக்கு அது இடக்கைப் பக்கம். இவ்வளவுதான் விசயம். இதற்குத்தான் நான் விலை கொடுத்தேன்.

மீளக்குடியேறிய புதிதில், திறந்த வெளியில் ஒரு இரவு அளிக்கை. தகரப் பீப்பாய்ப் பரலை அடுக்கிப் பலகை போட்ட, நாலடி உயர மேடை. ஒத்திகை முழுக்க நான் முன்னால் நின்று என் வலக்கையைக் காட்டியே பழக்கியிருந்தேன். மேடை கட்டுகிற ஐயாவுக்கும் ஒரு துண்டில் "படி வலப்பக்கம்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் பத்துக் கூத்துக்கு மேடை போட்டவர். முறைப்படி நடிகரின் வலத்தில் படியை வைத்தார். மேடை பொழுதுபட்டுத்தான் முடிந்தது. ஏறி நடந்து பார்க்கவில்லை.

மூன்றாம் காட்சி முடிவில் விளக்கு அணைந்தது. அரசனாக வந்த பெடியன் பழகிய பக்கம் நிமிர்ந்து நடந்தான். படி இருந்தது மற்றப் பக்கம். மணிக்கட்டு முறிந்தது, கிரீடம் நசுங்கியது. வலயத்தில் முதலாவதாக வந்த அந்த நாடகம் மாகாணப் போட்டிக்குப் போகவேயில்லை. "எந்தப் பக்கம் சேர் சொன்னனீங்கள்?" என்று அவன் ஆஸ்பத்திரியில் கேட்டான். இன்னும் என்னிடம் பதில் இல்லை.

இந்தக் குழப்பம் எங்களுக்குக் கூடுதலாக வருவதற்குக் காரணம் உண்டு. கூத்தாடும் வட்டக்களரியில் சனம் சுற்றிவர இருக்கும். அங்கே வலம் இடம் கிடையாது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரும் மத்தளமும் நிற்கும் இடத்தை வைத்துத்தான் ஆட்டக்காரர் திசை பிடிப்பார். அந்தப் பழக்கத்தோடு படச்சட்ட மேடைக்கு வந்தால் தடுமாறத்தான் செய்யும்.

பிரெஞ்சுக்காரர் இந்தத் தலையிடியை வேறு மாதிரித் தீர்த்தார்கள். பாரிஸ் துய்லரி அரண்மனையில் இருந்த அரங்கின் ஒரு பக்கம் தோட்டம், மற்றப் பக்கம் முற்றம். மேடையின் வலத்தைத் தோட்டப் பக்கம் என்றும் இடத்தை முற்றப் பக்கம் என்றும் சொன்னார்கள். அரண்மனை எரிந்துபோயும் அந்தப் பெயர்கள் போகவில்லை. நானும் இப்போது அப்படித்தான். என் பிள்ளைகளுக்கு மேடையின் வலம் குளத்துப் பக்கம், இடம் றோட்டுப் பக்கம். வவுனியாவில் மண்டபத்துக்குள் ஆடினாலும் குளத்துப் பக்கம் குளத்துப் பக்கம்தான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

மேல்மேடை

ஏறுகிற இடமல்ல. பழைய ஐரோப்பிய மேடைகள் பின்னால் உயர்ந்து சனத்தை நோக்கிச் சரிந்திருந்தன. அதனால் பின்பகுதி மேல்மேடை, முன்பகுதி கீழ்மேடை. எங்கள் மேடை தட்டையாக இருந்தாலும் சொல் அதுவேதான். "மேல போ" என்று நான் சொன்னதைக் கேட்டு வாங்கில் ஏறி நின்ற பிள்ளையும் உண்டு.

இருட்டும் மங்கலும்

சட்டென்று அணைப்பது ஒன்று, மெல்ல மங்க வைப்பது இன்னொன்று. "லைற்றை நிப்பாட்டு" என்றால் விளக்குக்காரர் எதைச் செய்வார்? வசனத்தின் எந்தச் சொல்லோடு அதைச் செய்வது என்பதையும் எழுதிக் கொடுங்கள். "பாட்டு முடியேக்க" போதாது. பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் நாடகம் பழகியவர்கள் நாங்கள், அதை நினைத்தபடி மங்க வைக்க ஏலாது. அதனால் எங்களில் பலருக்கு இந்தப் பாடம் பிந்தித்தான் வந்தது.

வரவு

ஆள் மேடைக்கு வருவதெல்லாம் வரவல்ல. கூத்தில் பாத்திரம் முதன்முதல் தனக்குரிய தாளக்கட்டோடு ஆடிப் பாடி வருவதே வரவு. தண்ணீர்ச் செம்பு கொண்டு வருகிற சேவகனுக்கு அதை எழுதாதீர்கள்.

காத்தான் கூத்து

காத்தவராயன் கதையைச் சொல்லும் இது சிந்துநடைக் கூத்து, சிந்துப் பாட்டுக்கு நடந்து நடிப்பது. கோவலன் கூத்தின் ஆட்டத்தை அதில் தேட வேண்டாம்.

நெறியாளரும் தயாரிப்பாளரும்

ஒருவர் நடிப்பிப்பவர், மற்றவர் காசு தேடுபவர். அழைப்பிதழில் மாறினால் இரண்டு பேரும் கோபிப்பார்கள்.

உடையும் கைப்பொருளும்

நடிகர் உடுப்பது உடை, கையில் எடுத்துப் பாவிப்பது கைப்பொருள். சுலபம் என்று நினைப்பீர்கள். அப்படியானால் கண்ணகியின் சிலம்பு? காலில் கிடக்கும்வரை உடை. கழற்றிக் கையில் எடுத்தால் கைப்பொருள். ஒருமுறை உடைக்குப் பொறுப்பானவர் அது கைப்பொருள்காரரிடம் என்று இருந்துவிட்டார், கைப்பொருள்காரர் உடைக்காரரிடம் என்று இருந்துவிட்டார். பாண்டியன் சபையில் "என் காற்சிலம்பு இதோ" என்று கண்ணகி வெறுங்கையை உயர்த்தினாள். சிலம்பு ஒப்பனை அறை மேசையில், பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் கிடந்தது.