ஃபிளாட் வட்டியை இரண்டால் பெருக்கிப் பாருங்கள்

மாதத் தவணைக் கடனுக்கு ‘ஃபிளாட் ரேட்’ (கடைசிவரை முழு அசலுக்குமே கணக்கிடும் முறை) என்று ஒரு வட்டி சொல்லப்பட்டால், அதை இரண்டால் பெருக்கி, சற்றே குறைத்துக்கொண்டு, அதன் பிறகே வங்கியின் ‘டிமினிஷிங்’ வட்டியுடன் (பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டும் கணக்கிடுவது) ஒப்பிடுங்கள். ஓராண்டுத் தவணையில் 1,00,000 ரூபாயை 10 சதவீத ஃபிளாட் வட்டிக்கு வாங்கினால் மாதம் 9,167 ரூபாய் கட்ட வேண்டும். கடைசி மாதத்தில் பாக்கி இருக்கும் அசல் 9,000 ரூபாய் அளவில்தான் என்றாலும், அந்த மாதத்துக்கும் முழு இலட்சத்துக்கே வட்டி போடப்பட்டிருக்கும். ஆண்டு முழுவதும் சராசரியாக உங்களிடம் இருந்தது பாதியைவிடச் சற்றுக் கூடுதலான தொகை மட்டுமே என்பதால், உண்மையான வட்டி 18 சதவீதத்தை ஒட்டி வருகிறது. மூன்றாண்டு வாகனக் கடனுக்கு ‘வெறும் 7 சதவீதம்’ என்று ஃபிளாட் கணக்கில் சொன்னால், அது ஏறத்தாழ 13 என்று கொள்ளுங்கள் (அந்த ‘வெறும்’ என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் மதிப்பு).

நகைக் கடனைப் போல அசல் முழுவதையும் இறுதியில் ஒரே தொகையாகத் திருப்பும் கடனுக்கு இந்தப் பெருக்கல் பொருந்தாது. மூன்று மாதத் தவணைக்கு ஒன்றரையால் பெருக்கினால் போதும். செயலாக்கக் கட்டணம் இக்கணக்கில் சேராது.